கட்டுமானப் பள்ளத்தில் ரோமானியச் சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் தென்கிழக்கு லண்டனின் ஓல்ட் கென்ட் ரோட்டில், வீடுகளுக்கு வெப்பம் கொண்டுபோகும் குழாய்களைப் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் ரோமானியர் போட்ட வாட்லிங் ஸ்ட்ரீட்டின் ஒரு துண்டு தென்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 30ஆம் தேதி, 2006இல் வேலை தொடங்கிய கிரேக்கத்தின் தெசலோனிக்கி மெட்ரோ ஒருவழியாக ஓட ஆரம்பித்தது. அது அத்தனை ஆண்டுகள் இழுபட்டதற்கு நிலத்தடியில் கிடைத்த பழைய பெருந்தெருவும் ஒரு காரணம். இத்தகைய கண்டுபிடிப்புகள் செய்தியாகும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. நடைமுறை பெரும்பாலும் இங்கிலாந்துடையது. வேறு நாட்டுடையது என்றால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

ஓல்ட் கென்ட் ரோட்டில் சரியாக என்ன கிடைத்தது?

இல்டர்டன் ரோடு சந்திப்புக்கு அருகே, இன்றைய தார்ச்சாலைக்கு நேர் கீழே, சுமார் 5.8 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் உயரமும் உள்ள சாலைக் கட்டுமானம். ஆய்வு செய்தவர்கள் மியூசியம் ஆஃப் லண்டன் ஆர்க்கியாலஜி அமைப்பினர். அடியில் இடித்துக் கெட்டிப்படுத்திய சரளை. அதன்மேல் சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணக்கல் இரண்டு அடுக்கு, அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு சரளை அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே மணலும் சரளையும் கலந்து இறுக்கிய தளம். அவ்வளவுதான். படத்தில் பார்த்தவர்கள் பலர் "இது வெறும் மண்மேடு போல இருக்கிறதே" என்றார்கள். சாலையைக் குறுக்குவெட்டில் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

வாட்லிங் ஸ்ட்ரீட் என்பது டோவர் துறைமுகத்திலிருந்து கேன்டர்பரி வழியாக லண்டனுக்கு வந்து, அங்கிருந்து செயின்ட் ஆல்பன்ஸ் வழியாக வடமேற்கே ராக்ஸிட்டர் வரை போன பாதை. இடைக்காலத்தில் கேன்டர்பரிக்குப் போன யாத்திரிகர்களும் இதே தடத்தில்தான் நடந்தார்கள்.

பெரிய பெரிய கற்பலகைகள் எங்கே? ரோமானியச் சாலை என்றால் கல் பாவியது அல்லவா?

இத்தாலியில் எடுத்த படங்களை மட்டும் பார்த்து வரும் எண்ணம் இது. ரோமுக்குத் தெற்கே ஆல்பன் குன்றுகளில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை உண்டு. ஆகவே அங்கே பல கோணமாக வெட்டிய கருங்கற்களைப் பாவினார்கள். தெசலோனிக்கியில் பளிங்கு கிடைத்தது, பளிங்கு போட்டார்கள். லண்டன் வட்டாரத்தில் கெட்டியான கல்லே கிடையாது. தேம்ஸ் ஆற்றுப் படிவுகளிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் சரளை அள்ளலாம், கென்ட் பக்கம் போனால் சாக் கிடைக்கும். அதைத்தான் போட்டார்கள். லண்டனிலிருந்து லூயிஸ் போகும் சாலையின் ஒரு பகுதியில் பக்கத்து இரும்பு உலைகளின் கசடைக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். அது துருப்பிடித்து ஒன்றோடொன்று பற்றி, கான்கிரீட் போல் ஆகிவிட்டது.

பாடப்புத்தகங்களில் வரும் ஸ்டாட்டூமென், ரூடுஸ், நூக்ளியுஸ், சும்மும் டோர்சும் என்ற நான்கு அடுக்குப் படத்தையும் நம்பிக் குழியில் இறங்க வேண்டாம். அந்தப் பெயர்களில் முதல் மூன்றும் ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ரூவியுஸ் வீட்டுத் தரை போடுவதைப் பற்றி எழுதிய இடத்திலிருந்து வந்தவை. 17ஆம் நூற்றாண்டில் நிக்கோலா பெர்ஜியே என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த வரிசையைச் சாலைக்குப் பொருத்தினார், அது அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையான சாலைகளில் ஒரே ஒரு சரளை அடுக்கும் உண்டு, மறுபடி மறுபடி போட்டுப் பத்துக்கு மேற்பட்ட தளங்களும் உண்டு.

இவ்வளவு காலம் ஒரு சாலை எப்படி அழியாமல் இருந்தது?

சாலையாகவே இருந்ததால்தான். வீட்டை இடித்தால் அடித்தளத்தைத் தோண்டி எடுப்பார்கள், கல்லை மறுபடி பயன்படுத்துவார்கள். சாலையை யாரும் தோண்டி எடுப்பதில்லை, மேலே இன்னொரு அடுக்குப் போடுவார்கள். யார்க் நகரில் ஸ்டோன்கேட்டும் பீட்டர்கேட்டும் ரோமானியக் கோட்டைத் தெருக்களின் தடத்தில் இன்றும் கிடக்கின்றன. தெசலோனிக்கியில் மேலே எக்னாட்டியா தெரு, அதன் கீழே பைசாந்தியப் பெருந்தெரு, அதற்கும் கீழே ரோமானிய நகரத்தின் நடுத்தெரு.

ஆழம் இடத்துக்கு இடம் மாறும். லண்டன் சிட்டி எனப்படும் பழைய நகர மையத்துக்குள் எரிந்த வீடு, இடிந்த சுவர், குப்பை என்று இரண்டாயிரம் ஆண்டுச் சேர்மானம். பல இடங்களில் ரோமானியத் தரை 5 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஓல்ட் கென்ட் ரோடு நெடுங்காலம் ஊருக்கு வெளியே வயல்வெளிச் சாலையாக இருந்தது. மேலே சேர ஒன்றுமில்லை. எனவே தாருக்கு அடியிலேயே இருக்கிறது. இதில் ஆபத்தும் உண்டு: ஆழமில்லாத சாலையைத்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பதித்த சாக்கடை, எரிவாயு, குடிநீர், மின்சார, தொலைபேசிப் பள்ளங்கள் கொத்திக் கிழித்துவிட்டன. இன்று கிடைப்பது இரண்டு குழாய்களுக்கு இடையில் தப்பிய துண்டு. அந்தத் துண்டும் அடுத்த குழாய்க்காகத் தோண்டும்போதுதான் வெளிவருகிறது.

தடம் தெரிந்த சாலைதானே, தோண்டும் முன்பே ஏன் சொல்ல முடியவில்லை?

தடம் தெரியும், இடம் தெரியாது. வரைபடத்தில் நேர்கோடாகப் போகும் சாலை தரையில் சில மீட்டர் இப்படியோ அப்படியோ விலகியிருக்கும். தேம்ஸின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதி ரோமானியர் காலத்தில் சேறும் ஓடையும் மணல்திட்டுமாக இருந்தது. திட்டுக்குத் திட்டு தாவிச் சாலை போட்டார்கள். இன்றைய பரோ ஹை ஸ்ட்ரீட் பக்கம் சதுப்பு வந்த இடத்தில் மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, அந்தத் தெப்பத்தின்மேல் சரளை கொட்டியிருக்கிறார்கள்.

முன்னறியும் வழிகள் இருக்கின்றன. பழைய வரைபடங்களையும் முந்தைய அகழாய்வு அறிக்கைகளையும் சேர்த்துப் பார்க்கும் மேசை ஆய்வு. மண் பரிசோதனைக்குத் துளையிடும்போதே தொல்லியலாளர் ஒருவர் உடனிருந்து மண்ணைப் பார்ப்பது. சில சோதனைக் குழிகள். தரை ஊடுருவும் ரேடார் வயல்வெளியில் நன்றாக வேலை செய்யும். குழாயும் கம்பியும் பின்னிக்கிடக்கும் நகரத் தெருவில் அதன் திரையில் தெரிவதெல்லாம் குழாய்தான். இரண்டு மூன்று துளைகளில் ஒரே மட்டத்தில் இறுகிய சரளை வந்தால், அந்த இடத்தில் உடனே ஒரு சோதனைக் குழி போட்டுவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் வேலை நடுவில் கிடைத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

குழியில் தெரிவது ரோமானியச் சாலைதான் என்று எப்படி அடையாளம் காண்பது?

குழியின் பக்கச் சுவரைக் கரணையால் மெல்லச் சீவிச் சுத்தம் செய்யுங்கள். மேலிருந்து பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் பார்ப்பதே பேசும். கவனிக்க வேண்டியவை இவை.

நடுவில் மேடு, இரு ஓரமும் சரிவு. மழைநீர் வடிவதற்காக வைத்த இந்த வாட்டம் ஒவ்வொரு தளத்திலும் திரும்ப வரும். ஓரத்தில் வடிகால் பள்ளம் இருந்து, அதில் கறுத்த வண்டல் நிரம்பியிருந்தால் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. சரளைக்கு இடையிடையே மெல்லிய சாம்பல்நிற மண் கோடுகள் வந்தால், அது ஆட்கள் நடந்து, மாடு சாணம் போட்டு, சேறு படிந்த காலம். அதன்மேல் மறுபடி தளம் போட்டிருக்கிறார்கள். மேல்பரப்புக் கூழாங்கற்கள் தேய்ந்து தட்டையாக இருக்கும்.

இயற்கையான ஆற்றுச் சரளையைச் சாலை என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இயற்கைப் படிவில் மணலும் கல்லும் நீரோட்டம் பிரித்துப் போட்டபடி சாய்வான வரிகளாக இருக்கும். ஓட்டாஞ்சில்லு, எலும்பு, கரி எதுவும் இருக்காது. இரும்புச்சத்து ஊறி இறுகிய சரளையும் கடப்பாரைக்கு அசையாது. கெட்டியாக இருக்கிறது என்பதால் மட்டும் மனிதன் போட்டதாகிவிடாது.

எதிர்ப்பக்கத் தவறு, பிற்காலச் சாலையை ரோமானியமாக நினைப்பது. தளத்துக்குள்ளேயே நிலக்கரிக் கசடு கிடந்தால் ஐயப்படுங்கள். களிமண் புகைக்குழலின் வெள்ளைத் தண்டு ஒரு துண்டு கிடைத்தாலும் போதும்: புகையிலை இங்கிலாந்துக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில். ஆனால் அந்தத் துண்டு எலிவளை வழியாகவோ பின்னாள் குழி வழியாகவோ கீழே இறங்கியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

சரளைக்கு வயது பார்க்க முடியாது. அதில் சிக்கியது, அதன் அடியில் கிடப்பது, அதன்மேல் விழுந்தது, இவற்றைக்கொண்டுதான் நெருங்க வேண்டும். தளத்துக்குள் கி.பி. 70இல் அடித்த காசு இருந்தால், தளம் அதற்கு முந்தியது அல்ல என்று மட்டுமே பொருள். நூறு ஆண்டு கைமாறிய காசாகவும் இருக்கலாம்.

மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1994 முதல் 1996 வரை லண்டன் சிட்டியின் 1 பவுல்ட்ரி மனையில் நடந்த அகழாய்வில், முதன்மைச் சாலையின் அடியில் மரத்தாலான வடிகால் கிடைத்தது. மர வளையங்களை எண்ணியதில், அந்த மரத்தை கி.பி. 47–48 குளிர்காலத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. லண்டன் எப்போது தொடங்கியது என்ற நெடுநாள் விவாதத்துக்கு ஒரு சாக்கடைப் பலகை பதில் தந்தது. மரம் பிழைத்திருந்ததற்குக் காரணம் ஈரம்: நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாது, கிருமிகள் வேலை செய்யாது.

லண்டனில் இன்னொரு அடையாளக் கோடும் உண்டு. கி.பி. 60–61இல் ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த பூடிக்கா அரசியின் படை நகரை எரித்தபோது சுட்ட மண் செங்கல் சிவப்பில் ஓர் அடுக்காகப் படிந்தது. சாலைத் தளம் அதற்குக் கீழேயா மேலேயா என்று பார்த்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

வேலைத்தளத்தில் திடீரென்று கிடைத்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

அந்தப் பள்ளத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்துங்கள். மொத்தத் தளத்தையும் மூட வேண்டியதில்லை. வாளியில் பல் இருந்தால் கழற்றிவிட்டுப் பல்லில்லாத அகல வாளியை மாட்டச் சொல்லுங்கள், ஆனால் தொல்லியலாளர் வரும்வரை அதையும் ஓட்ட வேண்டாம். எந்தப் பள்ளம், என்ன ஆழம், எந்த மட்டம் என்று குறித்து, அளவுகோலை வைத்து நாலைந்து படம் எடுங்கள். தோண்டிக் கொட்டிய மண்ணை லாரியில் ஏற்றாதீர்கள். காசும் ஓடும் அதில்தான் இருக்கும். திட்டத்தின் தொல்லியல் ஆலோசகருக்கும் உள்ளூராட்சியின் தொல்லியல் அலுவலருக்கும் தகவல் போக வேண்டும்.

மழை வருமென்றால் தார்ப்பாய் போடுங்கள், நீர் தேங்க விடாதீர்கள். பார்க்கும் ஆர்வத்தில் யாரும் முட்டுக்கொடுக்காத பள்ளத்தில் இறங்கக் கூடாது. 1.2 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் பக்கங்களுக்குத் தாங்கல் இல்லாமல் இறங்குவது உயிருக்கு ஆபத்து. அதைவிட ஆழம் குறைந்த பள்ளமும் தளர்ந்த சரளையில் சரியும்.

இத்தாலியில் இது சட்டமாகவே இருக்கிறது: 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, எதிர்பாராமல் கிடைத்த தொல்பொருளை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, கிடந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.

செலவு யாருடையது?

இங்கிலாந்தில் கட்டுபவருடையது. 1989இல் லண்டனில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் எச்சம் ஓர் அலுவலகக் கட்டட மனையில் வெளிப்பட்டுப் பெரிய போராட்டம் நடந்தது. மறு ஆண்டு, 1990இல், அரசின் திட்டமிடல் வழிகாட்டுக் குறிப்பு 16 வந்தது. மனையில் என்ன இருக்கிறது என்று முன்பே பார்ப்பதும், அழிக்க நேர்ந்தால் பதிவு செய்யும் செலவை ஏற்பதும் கட்டுபவர் பொறுப்பு என்ற நடைமுறை அதிலிருந்து வலுப்பட்டது. இன்றைய தேசியத் திட்டமிடல் கொள்கையும் அதே வழிதான். பிரான்சில் வேறு மாதிரி: 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானங்கள் மீது ஒரு வரி வசூலித்து, தடுப்புத் தொல்லியலுக்கு, அதாவது கட்டும் முன்பே நடத்தும் அகழாய்வுக்கு, பயன்படுத்துகிறார்கள்.

பதிவு செய்வது என்றால் என்ன செய்வார்கள்?

இதுதான் உண்மையான வேலை. சாலையைத் தோண்டுவது என்றால் அதை அழிப்பது. இன்னொரு முறை தோண்ட முடியாது. ஆகவே லண்டனில் ஒவ்வொரு மண் அடுக்குக்கும், ஒவ்வொரு குழிக்கும் தனி எண் கொடுப்பார்கள். அடுக்கின் நிறம், இறுக்கம், கல்லின் அளவு, எதன்மேல் கிடக்கிறது, எது அதை வெட்டுகிறது என்று எண்ணுக்கொரு தாளில் எழுதுவார்கள். எல்லா எண்களையும் முன்பின் வரிசையில் இணைக்கும் கட்டப்படத்துக்கு, அதை 1973இல் உருவாக்கிய எட்வர்ட் ஹாரிஸின் பெயரால் ஹாரிஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர்.

மேலிருந்து பார்க்கும் வரைபடம் பொதுவாக 1:20 அளவில், வெட்டுப்படம் 1:10 அளவில் இருக்கும். மட்டங்களைத் தேசிய மட்டத்துடன் இணைத்து மீட்டரில் எழுத வேண்டும். "தாருக்குக் கீழே 60 சென்டிமீட்டர்" என்று எழுதினால் அடுத்த முறை தார் போட்டதும் அந்த எண்ணுக்குப் பொருளில்லாமல் போகும். முப்பரிமாண மாதிரிக்காக எடுக்கும் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று பாதிக்கு மேல் மேவ வேண்டும், நிழல் ஓடாத வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

ஓர வடிகாலின் வண்டலை விட்டுவிடக் கூடாது. வழக்கமாக 40 லிட்டர் மண் அள்ளி, நீரில் அலசி, விதை, பூச்சி ஓடு, மீன் முள் பிரிப்பார்கள். சாலையில் என்ன ஏற்றிப் போனார்கள், ஓரத்தில் என்ன முளைத்தது, சாணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. சுத்தமாகத் துடைத்த கற்பலகையைவிட நாற்றமடிக்கும் வடிகால் மண் அதிகம் சொல்லும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

எங்கே பெரும்பாலும் கெட்டுப்போகிறது?

சாக் அடுக்கில். ஈரமாக வெளிவந்ததை வெயிலில் விட்டால் காய்ந்து வெடித்து மாவாக உதிரும். மழையில் விட்டால் குழைந்து பால்போல் ஓடும். வெளிப்படுத்திய அன்றே வரைந்து முடிக்க முடியாதென்றால் ஈரக் கோணியும் தார்ப்பாயும் போட்டு மூடிவைக்க வேண்டும்.

அடுத்தது, மேல் தளத்தைக் கண்டதும் "சாலை கிடைத்துவிட்டது" என்று நிறுத்திவிடுவது. ஒரு குறுக்குவெட்டாவது இயற்கை மண் வரை போனால்தான் எத்தனை முறை போட்டார்கள், எப்போது அகலப்படுத்தினார்கள், முதலில் புல்லைச் செதுக்கினார்களா என்பதெல்லாம் தெரியும். குழாய்ப் பள்ளம் சாலையின் நீளவாக்கில் ஓடினால் குறுக்குவெட்டே கிடைக்காது. 60 மீட்டர் தோண்டியும் சாலையின் அகலம் தெரியாமல் போகும். அப்போது பழைய குழாய்ப் பள்ளம் குறுக்கே வெட்டிப்போன இடத்தைத் தேடி அதன் சுவரைச் சீவுவது ஒரு வழி. நூறு ஆண்டுக்கு முன் செய்த நாசத்தை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிலத்தடி நீரை இறைப்பதும் பெரிய கேடு. பக்கத்து மனையின் அடித்தளத்துக்காக மாதக்கணக்கில் மோட்டார் ஓடினால், இரண்டாயிரம் ஆண்டு ஈரத்தில் கிடந்த கட்டைத் தெப்பம் காற்றுப்பட்டு மக்கத் தொடங்கும். அங்கே யாரும் தோண்டவே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

இவ்வளவு அரிய சாலையை ஏன் மறுபடி மண் போட்டு மூடுகிறார்கள்?

மூடுவதுதான் பெரும்பாலும் சிறந்த பாதுகாப்பு. திறந்து வைத்த சரளைச் சாலை இரண்டு குளிர்காலத்தில் களையும் சேறுமாகிவிடும்.

ரோமில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1990களில் பேந்தியன் கோயில் முன்னுள்ள சதுக்கத்தில் குழாய்ச் சுரங்க வேலையில் பழைய டிராவர்டைன் சுண்ணக்கல் பாவல் தென்பட்டது. பதிவு செய்துவிட்டு மெல்லிய எரிமலைச் சாம்பல் மணலைப் போட்டு மூடினார்கள். 2020 ஏப்ரலில் அதே இடம் திடீரென உள்வாங்கிச் சுமார் இரண்டரை மீட்டர் பள்ளம் விழுந்தது. ஊரடங்கு நேரம், யாருக்கும் அடியில்லை. பள்ளத்தில் ஏழு பலகைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80க்கு 90 சென்டிமீட்டர், கனம் 30 சென்டிமீட்டர், சேதமில்லாமல் கிடந்தன. மூடிய பொருள் சரியாக இருந்ததன் பலன் அது.

எதைப் போட்டு மூட வேண்டும்?

முதலில் நீர் ஊடுருவும் ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகு உப்பில்லாத சுத்தமான மணல், அதன்மேல் மண், கடைசியில் புதிய தளத்தின் அடுக்குகள். துணி இருந்தால் அடுத்த தலைமுறை தோண்டும்போது எங்கே நிற்பது என்று உடனே தெரியும். பிளாஸ்டிக் தாள் போடாதீர்கள். அடியில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கான்கிரீட்டைப் பழைய தளத்தின்மேல் நேராகக் கொட்டுவது மன்னிக்க முடியாதது. பிறகு உடைக்காமல் பிரிக்க வழியில்லை. முதல் அரை மீட்டர் மணலைக் கையால் பரப்பி லேசாக இறுக்கினால் போதும், அதிரும் உருளையை அங்கே ஓட்ட வேண்டாம்.

பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்தால் என்ன?

கற்பாவல் என்றால் முடியும், சரளை என்றால் முடியாது. முடிந்தாலும் இழப்பு உண்டு: கல் போகும், கல்லுக்கு அடியிலிருந்த அடுக்குகள் வராது.

தெசலோனிக்கியின் வெனிசெலோஸ் நிலையத்தில் நடந்தது இதற்குப் பாடம். பளிங்கு பாவிய பெருந்தெருவும் அதன் குறுக்குத் தெரு சந்திப்பும் கடைகளோடு வெளிப்பட்டன. முதலில் நகருக்கு வெளியே ஒரு பழைய ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள், ஊர் கொதித்தது. பிறகு இடத்திலேயே வைத்து நிலையம் கட்டலாம் என்று 2017இல் முடிவு. ஆட்சி மாறியதும், தற்காலிகமாகப் பெயர்த்து, நிலையம் கட்டியபின் அதே இடத்தில் பொருத்தலாம் என்று மாற்றினார்கள். தொல்லியலாளர்கள் நீதிமன்றம் வரை போயும் பெயர்ப்பு நடந்தது. இன்று மெட்ரோ ஏறப் போகிறவர்கள் அந்தத் தெருவைப் பார்க்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிரித்துச் சேர்த்த தெரு.

ஜெர்மனியின் கொலோன் நகரில், நிலத்தடி வண்டி நிறுத்துமிடம் கட்டும்போது கிடைத்த துறைமுகத் தெரு இன்று அருங்காட்சியகத்தின் அருகே கிடக்கிறது, மூல இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி. அதன்மேல் நடக்கும் பலருக்கு இது தெரியாது.

சாலையை வைத்துக்கொண்டே மேலே கட்டடம் கட்ட முடியுமா?

முடியும். ரோமுக்குத் தெற்கே ஃப்ரத்தோக்கியேவில் 2014இல் மெக்டொனால்ட்ஸ் உணவகம் கட்டத் தோண்டியபோது, ஆப்பியா பெருஞ்சாலையிலிருந்து பிரிந்த கிளைச்சாலை சுமார் 45 மீட்டர் நீளத்துக்குப் பசால்ட் பாவலோடு கிடைத்தது. நிறுவனம் சுமார் 3 லட்சம் யூரோ செலவிட்டது. கட்டடம் மேலே, சாலை கீழே தனிக்கூடமாக, நடுவில் கண்ணாடித் தரை. 2017 பிப்ரவரியில் திறந்தார்கள். எதுவும் வாங்கிச் சாப்பிடாமலும் கீழே இறங்கிப் பார்க்கலாம்.

பொறியியல் பக்கம் பார்த்தால் கேள்வி தூண்கள் எங்கே இறங்கும் என்பதுதான். 1991இல் யார்க் நகருக்காகச் செய்த ஓர் ஆய்வு, அடித்தளம் தொல்லியல் மண்ணில் 5 சதவீதத்துக்கு மேல் அழிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரப்பளவில் 5 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தத் தூண் சரியாகச் சாலையின் நடுவில் இறங்கினால் கணக்கு சரி, சாலை போயிற்று. தூண்களைக் கட்டமாக வைக்காமல், சாலையின் இருபுறமும் ஒதுக்கி, நடுவில் உத்தரம் தாங்கும்படி வடிவமைப்பதே மேல். கண்ணாடித் தரை போடுகிறவர்கள் காற்றோட்டத்துக்கும் ஈரக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால், அடியில் ஆவி படிந்து பச்சைப் பாசி பிடித்து, ஒன்றும் தெரியாத கண்ணாடியாகிவிடும்.

சாலையோரம் எலும்புக்கூடு ஏன் அடிக்கடி கிடைக்கிறது?

ரோமானியர் ஊர் எல்லைக்குள் புதைப்பதில்லை. வெளியே போகும் சாலையோரமே இடுகாடு. ஃப்ரத்தோக்கியேவில் கிடைத்த மூன்று எலும்புக்கூடுகளின் கதை வேறு: சாலை கைவிடப்பட்ட பிறகு அதன் வடிகாலில் புதைத்தவை. இங்கிலாந்தில் மனித எலும்பு வந்தால் அசைக்கும் முன் நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும்.

இரும்புப் பொருள்களையும் கவனியுங்கள். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கிராஸ்ரெயில் என்ற ரயில்பாதை வேலையின்போது ரோமானியச் சாலையில் ஹிப்போசாண்டல் கிடைத்தது. குதிரைக் குளம்பில் கட்டும் இரும்புச் செருப்பு அது. துருக்கட்டி என்று தூக்கியெறிய எல்லாத் தகுதியும் உள்ள உருவம்.

இன்றைய ரயில் தண்டவாள அகலம் ரோமானிய வண்டித் தடத்திலிருந்து வந்ததாமே?

இல்லை. 1,435 மில்லிமீட்டர் என்ற அளவு வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரி வண்டிப்பாதைகளிலிருந்து வந்தது. ரோமானியச் சாலைகளின் சக்கரத் தடங்கள் அளவில் ஏறக்குறைய அதையே ஒட்டி வருவதற்குக் காரணம், ஒன்றிரண்டு விலங்குகள் இழுக்கும் வண்டி எந்தக் காலத்திலும் அந்த அகலத்தில்தான் அமையும் என்பதே.

அரிக்கமேட்டில் ரோமானியப் பொருள்கள் கிடைத்தன. அங்கேயோ வேறு தமிழகத் துறைமுகத்திலோ ரோமானியச் சாலை கிடைக்குமா?

எதிர்பார்க்க வேண்டாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியின் அரெட்டைன் பாண்டங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. அவை வணிகத்தில் வந்தவை. சாலை போடுவது ஆட்சி செய்கிறவர் வேலை, ரோமானியர் இங்கே ஆளவில்லை. தமிழகத்தில் பழந்தெரு கிடைத்தால் அது இங்கத்தவர் போட்டதாகவே இருக்கும். ஆனால் வெட்டுமுகத்தைச் சீவுவது, அடுக்குக்கு எண் கொடுப்பது, வடிகால் மண்ணை அலசுவது எல்லாம் இங்கும் அதே முறைதான்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

வாட்லிங் ஸ்ட்ரீட் துண்டைத் தேடி ஓல்ட் கென்ட் ரோட்டுக்குப் போகாதீர்கள், பேருந்துகள்தான் இருக்கும். கட்டுமானத்தோடு சேர்ந்து காப்பாற்றப்பட்ட தெருவைப் பார்க்க பல்கேரியாவின் தலைநகர் சோஃபியா நல்ல இடம். 2010 முதல் நடந்த மெட்ரோ வேலையில் பழைய செர்திக்கா நகரத்தின் தெருக்களும் வீடுகளும் வெளிப்பட்டன. செர்திக்கா நிலையத்திலிருந்து வெளியே வரும் வழியிலேயே அவற்றுக்கு நடுவே நடக்கலாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போங்கள். உச்சி வெயிலில் கற்களின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.